கொல்லைக் கணக்கு

கறிவேப்பிலைக்குக் காசு கேட்கும் காலம் வந்து வெகு நாளாகிவிட்டது. முன்பெல்லாம் கறிகாய்க்காரி கூடையை இறக்கி வைத்து, பேரம் முடிந்து, காசையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகு, கொத்தமல்லித் தழையில் ஒரு பிடியும் கறிவேப்பிலையில் ஒரு கொத்தும் எடுத்து மேலே போடுவாள். அதற்குக் கொசுறு என்று பெயர். கொசுறு கேட்பது வாங்குகிறவர் உரிமை. கொடுப்பது விற்கிறவள் தர்மம். இன்றைக்கோ அதே கொத்தைக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி, விலைச் சீட்டு ஒட்டி, குளிர்ப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கொசுறு மறைந்ததற்காக நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. ஒரு முழ அகல மண்ணில், யாருடைய தயவும் இல்லாமல் வருஷக்கணக்காகத் தழைக்கும் ஒரு செடியின் இலைக்கு நாம் கடைத்தெருவை நம்பிக் கிடக்கிறோமே, அது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதும்படி நேயர்கள் சிலர் கேட்டதுண்டு. அவர்களில் ஒரு சகோதரியின் கேள்வி நேரானது: "தோட்டம் போட்டால் கறிகாய்ச் செலவு அடியோடு நின்றுவிடுமா?" நிற்காது, அம்மணி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆசை காட்டி ஆரம்பிக்கச் செய்த தோட்டங்கள் மூன்றாவது மாதத்தில் காய்ந்து கிடப்பதை எத்தனையோ மாடிகளில் பார்க்கலாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மனிதன் நாள்தோறும் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1,600 கிராம்; வருஷத்துக்கு ஏறக்குறைய 584 கிலோ. இனிச் செடியின் பக்கம் வருவோம். வெண்டைச் செடி ஒன்று தன் ஆயுளில் கால் கிலோ காய் கொடுத்தால் அது நல்ல செடி. இருபத்து நான்கு செடி வைத்தால் ஆறு கிலோ. காய்க்கும் காலமான ஆறு வாரத்துக்கு, வாரம் ஒரு கிலோ வீதம் வரும். நான்கே நான்கு தொட்டிகளில் வெண்டை வைத்துவிட்டுச் சாம்பாரில் 'தான்' மிதக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கத்தரி பரவாயில்லை, செடிக்கு ஒன்றரைக் கிலோவாவது தரும். காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்துச் செய்து எரு வைத்தால் மறுபடி தழைத்து இன்னொரு போகமும் கொடுக்கும். புடலும் பீர்க்கும் பந்தல் மட்டும் இருந்தால் கொடிக்குப் பத்துக் காயாவது தரும். ஐந்து பேர் குடும்பத்தின் காய்கறித் தேவைக்குச் சுமார் 200 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் ஐந்து செண்ட் நிலம் வேண்டும் என்று தோட்டக்கலை வல்லுநர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். சென்னையிலே ஒரு கிரவுண்டு மனை என்பதே ஐந்தரைச் செண்ட். அந்த மனையில் இன்றைக்கு எட்டுக் குடித்தனம் நிற்கிறது!

அப்படியானால் தோட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். கீரையைப் பாருங்கள். நான்கடிக்கு நான்கடி பாத்தி ஒன்றில் முளைக்கீரை விதைத்தால் இருபத்தைந்து நாளில் ஒன்றரைக் கிலோ கிடைக்கும். மூன்று பாத்தி அமைத்து, எட்டு நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விதைத்து வந்தால், வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் மசியலுக்குப் போதுமான கீரை வருஷம் முழுவதும் அற்றுப் போகாது. அரைக்கீரையை ஒருமுறை விதைத்து, வேரை விட்டுவிட்டுக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மாதக்கணக்கில் வரும். பசலைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் புதினாவுக்கும் முழு வெயில்கூட அவசியமில்லை. பச்சை மிளகாய் நான்கு செடி, கறிவேப்பிலை ஒன்று, தரை இருந்தால் ஒரு முருங்கை, ஒரு வாழை. ஆக, பறித்த சில மணி நேரத்திலேயே வாடிச் சத்தை இழக்கத் தொடங்கும் பண்டங்களெல்லாம் வீட்டில். லாரியில் ஏறி இரண்டு நாள் பிரயாணத்தைத் தாங்கும் பண்டங்களெல்லாம் கடையில். கடை எதை மிக மோசமாகக் கொடுக்கிறதோ அதை நாம் விளைவித்துக்கொள்கிறோம். எல்லாவற்றையும் விளைவிப்பேன் என்று சபதம் செய்கிறவர் ஒன்றையும் விளைவிப்பதில்லை.

கடை என்பது நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியான ஸ்தாபனமும் அன்று. சென்னைப் பட்டணத்துக்குக் கறிகாய் முன்னே கொத்தவால் சாவடி வழியாக வந்தது. 1996 முதல் கோயம்பேடு வழியாக வருகிறது. 2020 மே மாதம் 5-ஆம் தேதி, கொள்ளை நோய் பரவிய காரணத்தால், அந்தக் கோயம்பேட்டு அங்காடியை மூடினார்கள். வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். இடையிலே பட்டணத்து ஜனங்கள் திண்டாடிய திண்டாட்டம் பலருக்கு நினைவிருக்கும். பணம் பையில் இருந்தது, காய்தான் இல்லை. பிறகு 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் பாய்ந்தது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. இந்த இரண்டு சமயத்திலும் கொல்லையில் நாலு பாத்தி வைத்திருந்தவர்கள் கோடீசுவரர்களாகிவிடவில்லை. ஆனால் இன்றைக்கு என்ன சமைப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு பதில் இருந்தது. இல்லத்தரசிக்கு அது சாமானிய விஷயமா?

இதற்கு முந்திய தலைமுறை இதைவிடப் பெரிய பாடம் கற்றது. 1942 மார்ச்சு மாதம் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நம் துறைமுகங்களுக்கு வருவது நின்றது. மறு வருஷமே வங்காளத்தில் பஞ்சம்; லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கு யுத்தமும், பதுக்கலும், அன்றைய ஆட்சியின் அலட்சியமும் காரணம். வீட்டுத் தோட்டம் இல்லாமை காரணம் என்று நான் சொன்னால் பைத்தியக்காரத்தனம். இருந்தாலும் பிறர் கப்பலை நம்பி அடுப்பு மூட்டுகிற தேசத்தின் கதி என்ன என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று. 'அதிக உணவு விளைவிப்போம்' என்ற இயக்கம் அந்த நாளில்தான் எழுந்தது. 1946-இல் மீண்டும் உணவு நெருக்கடி நேர்ந்தபோது, பூந்தோட்டங்களிலும் உணவுப் பயிர் வைக்கும்படி காந்தியடிகள் யோசனை சொன்னார். 1965-இல் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தில்லியில் தாம் குடியிருந்த மாளிகையின் புல்வெளியையே உழுது பயிர் வைத்தார். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் தன் வீட்டு வாசலைக் கொத்தின மனிதர்!

மேல்நாட்டாரும் யுத்த காலத்தில் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் 'வெற்றித் தோட்டம்' என்று பெயர் வைத்து, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி 1943-இல் வெள்ளை மாளிகைப் புல்தரையிலேயே பாத்தி போடச் செய்தார். அந்நாளில் அத்தேசத்துத் தோட்டங்கள் ஏறக்குறைய இரண்டு கோடி என்றும், மக்கள் உண்ட காய்கறியில் நூற்றுக்கு நாற்பது பங்கு அவற்றிலிருந்து வந்தது என்றும் ஒரு மதிப்பு உண்டு. பிரமாதமான காரியந்தான். ஆனால் யுத்தம் முடிந்தது. 1946 வசந்தத்தில் மண்வெட்டிகள் மூலைக்குப் போய்விட்டன. ஆபத்துக்காகப் போட்ட தோட்டம் ஆபத்தோடு போயிற்று. நம் ஊரிலும் 2020-இல் முளைத்த மாடித் தோட்டங்களில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன? காலித் தொட்டிகளுக்குள் பழைய பத்திரிகையும் உடைந்த நாற்காலியும்தான் செழித்து வளர்ந்திருக்கின்றன.

ஏன் இப்படி வாடிவிடுகின்றன? சோம்பல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என் அபிப்பிராயம் வேறு. சமீபத்தில் நண்பர் ஒருவர் மாடித் தோட்டம் போட்டிருப்பதாக அழைத்தார். கிராமத்திலிருந்து அவருடைய அத்தையும் வந்திருந்தாள். வரிசையாகப் பச்சைப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளிச் செடி, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. அத்தை ஒரு பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏண்டா அப்பா, இந்த மண் ஏது?"

"மண் இல்லை அத்தை, தேங்காய் நார்த் தூள். வாங்கினதுதான்."

"எரு?"

"அதுவும் மூட்டையாக வருகிறது, அத்தை."

"விதை?"

"பொட்டலம். நூறு ரூபாய்."

"பூச்சி வந்தால்?"

"அதற்கும் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன்."

அத்தை சற்று யோசித்தாள். "அப்படியானால் கடைக்காரன் உன் வீட்டு மாடியிலே அல்லவா தோட்டம் போட்டிருக்கிறான்!" என்றாள்.

நண்பருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் விஷயத்தின் மர்மம் அந்தப் பேச்சிலே அடங்கியிருக்கிறது. மண், எரு, விதை மூன்றும் வெளியே இருந்து வந்துகொண்டே இருக்கிற தோட்டம், காசு தீர்ந்த அன்று நின்றுபோகும். அல்லது கணக்குப் பார்த்த அன்று நின்றுபோகும். இந்த மூன்றும் வீட்டுக்குள்ளேயே சுழன்று வரும் தோட்டந்தான் வருஷக்கணக்காக ஓடும். முதலில் ஒருமுறை வாங்குவதில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் வாங்குவதுதான் தொந்தரவு.

எருவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, நம் இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து ஆராய்ச்சி செய்து, குப்பையை எருவாக்கும் முறை ஒன்றை வகுத்தார். இன்று உலகமெங்கும் 'இந்தூர் முறை' என்று அதற்குப் பெயர். நம் குடியானவர்களைத் தம் ஆசிரியர்களாகவே கருதியதாக அவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் செய்வது இன்னும் சுலபம். அடியில் துவாரமுள்ள பழைய பானையோ டிரம்மோ போதும். காய்த் தோல், காம்பு, டீத்தூள் ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு. நடுநடுவே ஒரு பிடி மண். பிழிந்த துணி போன்ற ஈரம் வேண்டும், அதற்குமேல் வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சருகைச் சேர்க்க வேண்டும். சருகுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். தெருவிலே கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்களே, அதைத் தீயிடும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடியில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நனைந்த மண் ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. தளத்தின் நடுவிலே பெரிய பாத்தி கட்டிவிட்டுப் பிறகு கூரையைப் பார்த்துக் கவலைப்படக் கூடாது. சுவர் ஓரமாக, தூண்கள் இருக்கும் பக்கமாகத் தொட்டிகளை வைக்க வேண்டும். தளம் பழையதானால் விஷயம் தெரிந்த பொறியாளரைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கொடிகளைப் பற்றி எனக்கு வரும் புலம்பல் எப்போதும் ஒன்றே: "பூ ஏராளமாகப் பூக்கிறது, அத்தனையும் உதிர்ந்துபோகிறது." உதிரத்தான் வேண்டும். சுரை, பூசணி, பாகல், புடல், பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது ஆண் பூக்களே. அவை மலர்ந்து உதிர்வது இயற்கை. பெண் பூவின் அடியில் பிஞ்சைப் போன்ற ஒரு சிறு உருண்டையோ நீளமோ இருக்கும். அதுவும் உதிர்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. நான்காவது மாடிக்குத் தேனீ வருவது துர்லபம். அப்போது ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் நாமே மெதுவாகத் தடவிவிட வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் விடியற்காலை. சுரையும் பீர்க்கும் புடலும் சாயங்காலத்தில் மலர்பவை, ஆகவே அந்தி நேரம். குழந்தைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்துப் பாருங்கள். தாவர சாஸ்திரப் பாடத்தில் அவர்களுக்குப் பிறகு சந்தேகமே வராது.

இனி விதைக்கு வருகிறேன். மற்றவை எல்லாவற்றையும்விட இதையே முக்கியமாகக் கருதுகிறேன். நம் பாட்டிமார்கள் பூசணி விதையையும் சுரை விதையையும் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைப்பார்கள். ஆடி மாதம் அதைப் பெயர்த்து ஊறவைத்து நடுவார்கள். பரணில் சுரைக் குடுக்கைக்குள் அவரை விதை இருக்கும், சாம்பல் கலந்து. இந்தக் காரியத்துக்கு வீட்டில் வேறு யாரும் உத்தரவு போட முடியாது. எந்தக் காயைப் பறிக்கக் கூடாது, எந்தக் காயை முற்றவிட வேண்டும் என்பது பாட்டியின் ராஜ்யம். அந்த ராஜ்யத்தை நாம் ஒரு பொட்டலத்துக்கு விற்றுவிட்டோம். பொட்டலத்தின் மேல் 'எஃப் 1' என்று அச்சிட்டிருந்தால் அது வீரிய ஒட்டு விதை. முதல் தலைமுறையில் ஒரே மாதிரியாக, அமோகமாகக் காய்க்கும். அதன் விதையை எடுத்துப் போட்டாலோ பிள்ளைகள் தாய்போலவும் இரா, தகப்பன்போலவும் இரா. ஒவ்வொரு செடி ஒவ்வொரு விதம். எனவே அடுத்த வருஷமும் பொட்டலம் வாங்க வேண்டும். வீரிய விதை பாவம் என்று நான் சொல்லவில்லை. பெரிய பண்ணைக்காரருக்கு அதில் லாபம் உண்டு. நாலு பாத்திக்காரருக்கு நாட்டு விதையே ஏற்றது. ஒருமுறை வாங்கினால் பேரன் காலம்வரை வரும்.

எடுக்கும் முறை எளிது. செடிகளில் நோயற்றது, திடமானது ஒன்றைப் பொறுக்கி, அதில் இரண்டாவது மூன்றாவது பறிப்பில் வரும் நல்ல காயில் நூல் கட்டிவிட வேண்டும். நூல் கட்டாவிட்டால் வீட்டிலுள்ள யாராவது அதையே குழம்பில் போட்டுவிடுவார்கள், இது நிச்சயம். கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். பிசைந்து நீரில் கழுவி, மிதப்பதைத் தள்ளி, அமிழ்ந்ததை நிழலில் உலர்த்த வேண்டும். தக்காளி விதையைச் சாற்றோடு ஓரிரு நாள் புளிக்க விட்டால் மேலிருக்கும் வழவழப்பு நீங்கும். வெண்டையும் அவரையும் செடியிலேயே காய்ந்து சருகாக வேண்டும். கீரைக்கு இவ்வளவு தொல்லைகூட இல்லை. ஒரே ஒரு தண்டுக்கீரைச் செடியைப் பூக்க விட்டால், தெரு முழுவதற்கும் போதும் விதை. ஆனால் மிளகாயில் இரண்டு வகை, சுரையில் இரண்டு வகை என்று அருகருகே வைத்தால் கலந்துபோகும். விதைக்காக விடும்போது வகைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருடன் மாற்றிக்கொள்ளவும் குடியானவனுக்கு உரிமை உண்டென்று நம் தேசத்தில் 2001-இல் சட்டமே செய்திருக்கிறார்கள். சட்டம் தந்த உரிமையை அனுபவிக்கிறவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நாட்டு விதை என்றதும் சிலர் தீவிர சுதேசிகளாகிவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, பப்பாளி, பரங்கி இவையெல்லாம் அமெரிக்காவில் பிறந்து கப்பலேறி இங்கே வந்தவை. பரங்கியின் பெயரே அதன் பூர்விகத்தைச் சொல்லுகிறது. மிளகாய் வருவதற்குமுன் நம் முன்னோர்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். மாறாகக் கத்தரியும் பாகலும் புடலும் நம் பக்கத்து ஆதி குடிகள். ஆனால் எங்கே பிறந்தது என்பதைவிட எங்கே வேரூன்றியது என்பதே தோட்டத்துக்கு வேண்டிய விஷயம். வந்தேறியான முண்டு மிளகாய் ராமநாதபுரத்துச் சொத்தாகி, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதே வருஷம் வேலூர்ப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது. முள் குத்துகிறது என்று அதைத் தொட அஞ்சுகிறவர்கள் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே வார்த்தை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. குடிநீரைக் குழாய் வைத்துச் செடிக்குப் பாய்ச்சுவது எந்த நாளிலும் நியாயமில்லை. அரிசி களைந்த நீர், காய் அலம்பிய நீர் இவை தொட்டிகளுக்குப் போதுமானவை. மற்ற கழிவு நீருக்கு வாழையும் சேம்பும் காத்துக்கொண்டிருக்கின்றன. மண்ணின்மேல் நாலு விரல் கனத்துக்குச் சருகு பரப்பினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலும் தாங்கும்.

ஆடிப் பட்டம் நெருங்குகிறது. இந்தப் பட்டத்தில் முதலில் போட வேண்டியது கொடி அவரை. இது நாள் குறுகிய பிறகே பூக்கும் சுபாவமுள்ளது. ஆடியில் போட்டால் மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும். மாசியில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இலையையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. குழிக்கு மூன்று விதை. முளைத்த பிறகு திடமான இரண்டை விட்டு ஒன்றைக் கிள்ளிவிட வேண்டும். பந்தலுக்குக் கால் இப்போதே ஊன்றிவிடுங்கள். கொடி ஏறின பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். முருங்கைப் போத்து நடுவதாயிருந்தால் பெருவிரலைவிடப் பருமனான, மூன்றடி நீளக் கிளை வேண்டும். வெட்டு வாயில் சாணம் அப்பி, நீர் தேங்காத இடமாகப் பார்த்து ஓரடி ஆழத்தில் நட வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம். கிளை பலமற்றது என்பது ஒன்று. கம்பளிப் பூச்சிகள் ஜன்னல் வழியாக விருந்துக்கு வரும் என்பது இன்னொன்று.

கத்தரி நாற்று விடுகிறவர்கள் நுனிக் குருத்து தலை சாய்ந்திருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி நசுக்கிவிட்டால் போதும். புட்டி மருந்து தேவைப்படாது. கீரை விதை கடுகிலும் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்து நெருங்கி முளைக்கும். ஒரு சிட்டிகை விதைக்கு இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலைக் கலந்து, முதலில் பாத்தியின் நீளவாக்கிலும் பிறகு அகலவாக்கிலும் தூவி, மேலே மெல்லிசாக எருப் பொடி போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அன்று இரவே எறும்பு வந்து விதையைச் சுமந்துகொண்டு போகப் பார்க்கும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவி வைக்கலாம். அதற்கும் அடங்காத எறும்பானால், நாலடி தள்ளி ஒரு பிடி அரிசி நொய்யைப் போட்டுப் பாருங்கள். அது அங்கே போய்விடும்.